‘அறுபது வயசுல ஹனிமூனாடா?’

எங்கள் தேனிலவு போட்டோ ஒன்று வீட்டு ஆல்பத்தில் இருக்கிறது. இடம்: கன்னியாகுமரி. வருடம்: 1991. பின்னால் கடல், விவேகானந்தர் பாறை. முன்னால்... பதினோரு பேர்!

அம்மா, அத்தை, அக்கா, மாமா, அவர்களுடைய வாண்டுகள், ‘மெட்டடார் வேன்ல இடம் சும்மாதானே கிடக்கு’ என்று கடைசி நிமிஷத்தில் ஏறிக்கொண்ட எதிர்வீட்டுத் தாத்தா... எல்லோரும் ஜம்மென்று நிற்கிறார்கள். ‘புதுப்பெண் எங்கே சார்?’ என்பீர்கள். வலது ஓரத்தில், கையில் ஃப்ளாஸ்க்கோடு பாதி முகம் தெரிகிறதே, அவள்தான்!

இந்தத் தை மாதம் எனக்கு அறுபது பூர்த்தி. தமிழ் வருடங்கள் அறுபதும் ஒரு சுற்று முடித்து, நான் பிறந்த விசுவாவசு திரும்ப வந்திருந்தது. அக்கா விடுவாளா? ஆறு மாதம் முன்பே போன் செய்துவிட்டாள்.

‘‘திருக்கடையூர்தான்டா. மார்க்கண்டேயனுக்காக சிவன் எமனையே எட்டி உதைச்ச இடம். ஆயுசுக்கு நல்லது. நூத்திருபது பேருக்கு சாப்பாடு சொல்லிடு. ரெண்டு பஸ் போதும்.’’

நானும் பேப்பர், பேனாவோடு உட்கார்ந்து லிஸ்ட் போட ஆரம்பித்தேன். மனைவி எதுவும் பேசவில்லை. எண்பத்தி நாலாவது பெயர் எழுதும்போது ஆல்பத்தைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

‘‘ஏங்க, அன்னிக்கு நான் கடலையே பார்க்கலை, தெரியுமா? உங்க அத்தைக்குக் காபி ஊத்திக்கிட்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தா, எல்லாரும் வேன்ல ஏறியாச்சு.’’

முப்பத்தைந்து வருஷத்தில் இதை அவள் சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிள்ளைகள் படிப்பு, அப்புறம் அம்மா ஏழு வருஷம் படுக்கையில். அம்மாவுக்கு வேளாவேளைக்கு மருந்து கொடுத்தது அவள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் வெளியூரில் ஒரு ராத்திரி தங்கியதே கிடையாது!

‘‘சரி, எங்கே போகலாம், சொல்லு.’’

‘‘திருக்கடையூருக்கே போவோம். அங்கேர்ந்து தரங்கம்பாடி ஏழெட்டு கிலோமீட்டர்தான். பூஜை முடிஞ்சதும் அவங்க எல்லாரும் ஊருக்கு, நாம கடலுக்கு!’’

அடேயப்பா... ஏற்கெனவே யோசித்து வைத்திருக்கிறாள்!

அன்றிலிருந்து நான் தரங்கம்பாடி ஆராய்ச்சியில் இறங்கினேன். தரங்கம் என்றால் அலை. அலைகள் பாடும் ஊர். கடலோரத்தில் மாசிலாமணிநாதர் கோயில். 1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது. அதில் ஒரு பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அந்தக் கோயில் கல்வெட்டில் ஊருக்குப் பெயர் ‘சடங்கன்பாடி’யாம். சடங்கிலிருந்து தப்பித்துப் போகிற ஊருக்குப் பெயரைப் பாருங்கள்!

1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் இங்கே கோட்டை கட்டினார்கள். 1706-ல் வந்து இறங்கிய சீகன்பால்கு தமிழ் படித்து, பைபிளின் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து 1715-ல் தமிழிலேயே அச்சடித்து முடித்தார். 1718-ல் கட்டிய புதிய எருசலேம் தேவாலயத்தில்தான் அவர் கல்லறை. கடைசியில் 1845-ல் ஊரை ஆங்கிலேயர்களிடம் விற்றுவிட்டுக் கிளம்பினார்கள் டேனிஷ்காரர்கள்.

இதை நான் விலாவாரியாகப் படித்துக் காட்ட, மனைவி அமைதியாகக் கேட்டாள்: ‘‘எங்கேயோ டென்மார்க்கிலேர்ந்து வந்தவங்களே இருநூத்தி இருபத்தஞ்சு வருஷம் இருந்திருக்காங்க. நாம ரெண்டு ராத்திரி தங்க இவ்வளவு யோசனையா?’’

கப்சிப் ஆனேன். ஆனாலும் ஆசை விடவில்லை. ‘‘கடலோரமா உட்கார்ந்து சூரியன் முங்கறதைப் பார்க்கலாம்’’ என்றேன், சினிமா பாணியில்.

‘‘கிழக்குக் கடற்கரைங்க! சூரியன் முங்கறதைப் பார்க்கணும்னா கடலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உட்காரணும்.’’

அசடு வழிந்தேன். அவளே தொடர்ந்தாள்: ‘‘உங்க நட்சத்திரம் பூசம். தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வரும். பௌர்ணமியன்னிக்கு இந்தப் பக்கம் சூரியன் இறங்கறப்போ, அந்தப் பக்கம் கடல்லேர்ந்து நிலா ஏறும். அதைப் பார்க்கலாம்.’’

அபிராமி பட்டருக்காக தை அமாவாசையிலேயே நிலவைக் காட்டினாள் அம்பாள் என்பது திருக்கடையூர்க் கதை. எங்களுக்குப் பௌர்ணமி நிலாவே போதும். தை மாதமும் வசதிதான். ஐப்பசி, கார்த்திகை என்றால் அந்தப் பக்கம் மழை, புயல். சித்திரையில் வெயில் மண்டையைப் பிளக்கும்.

எழும்பூரிலிருந்து மயிலாடுதுறைக்கு ரயில். முன்பெல்லாம் அங்கிருந்து தரங்கம்பாடிக்கே மீட்டர் கேஜ் ரயில் ஓடியது. 1980-களில் நிறுத்திவிட்டார்கள். இப்போது பஸ் அல்லது கார்தான். முன்பதிவு 60 நாளைக்கு முன்னால் திறக்கிறது. அறுபது வயசுக்கு அறுபது நாள்! காலை எட்டு மணிக்கு விரலைத் தயாராக வைத்திருந்து இரண்டு லோயர் பெர்த் பிடித்தேன்.

அடுத்து ரூம். அனுபவத்தில் சொல்கிறேன், போனில் மூன்று கேள்வி கட்டாயம் கேளுங்கள். ஒன்று: ‘கடல் ஜன்னலிலிருந்து தெரியுமா, மொட்டை மாடியில் ஏறி எட்டிப் பார்த்தால் தெரியுமா?’ இரண்டு: ‘எத்தனை படி ஏறணும்?’ (முட்டி வலி!) மூன்று: ‘ராத்திரி சாப்பாடு உண்டா?’ சின்ன ஊர். ஒன்பது மணிக்குமேல் இட்லி தேடி அலைய முடியாது.

எல்லாம் முடிந்தது... ஒன்றே ஒன்று பாக்கி. அக்காவிடம் சொல்ல வேண்டும். டிக்கெட்டை விட அதுதான் பெரிய ரிசர்வேஷன்!

மூன்று நாள் ஒத்திப் போட்டு, நாலாவது நாள் போன் செய்தேன். ‘‘இருபது பேர் போதும்க்கா. பூஜை, சாப்பாடு முடிஞ்சு மத்தியானம் ரெண்டு மணிக்கு எல்லாரும் கிளம்பிடலாம். நாங்க தரங்கம்பாடி போய்ட்டு வர்றோம்.’’

‘‘தரங்கம்பாடியா? நான் பார்த்ததே இல்லையேடா. வேன்ல இடம் சும்மாதானே இருக்கும். நாங்களும் வந்துடறோம்!’’

அதே வேன், அதே இடம்! வழக்கமாக ‘அதுக்கென்னக்கா’ என்று வாய் தானாகச் சொல்லும். எதிரே மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. ஆனால் கை நின்றுவிட்டது.

‘‘இல்லக்கா. நாங்க ரெண்டு பேர் மட்டும்.’’

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

‘‘அறுபது வயசுல ஹனிமூனாடா?’’

‘‘அறுபது ஆயிடுச்சேக்கா. அதான்.’’

போன் வைக்கப்பட்டது. மனைவியின் கை மறுபடி கீரைக்குப் போயிற்று. அக்கா பத்து நாள் பேசவில்லை. என் வயிற்றில் புளியைக் கரைத்தது. உண்மையைச் சொன்னால் அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. இரண்டு பேர் மட்டும் இரண்டு நாள்... என்ன பேசுவோம்? வீட்டில் நாங்கள் பேசுவதெல்லாம் காஸ் சிலிண்டர், பி.பி. மாத்திரை, பிள்ளைகளின் போன். இதையெல்லாம் கழித்துவிட்டால் மிச்சம் என்ன?

திருக்கடையூரில் எங்களைப் போல ஏகப்பட்ட ஜோடிகள் மாலையும் கழுத்துமாக. கலச நீரை ஊற்றினார்கள். மறுபடி தாலி கட்டினேன். இந்தத் தடவை கை நடுங்கியது. ரெண்டு மணிக்கு வேன் கிளம்பியது. ஏறப்போன அக்கா திரும்பி வந்து, மனைவி கையில் ஒரு பையைத் திணித்தாள். ‘‘முறுக்கு இருக்கு. ஃப்ளாஸ்க்ல காபி. அலை பக்கம் போகாதீங்க, பாறையா இருக்குமாம்.’’ குரல் கொஞ்சம் கம்மியது.

சாயங்காலம் கோட்டைக்கு எதிரே மணலில் உட்கார்ந்தோம். 2004 சுனாமி புகுந்து அடித்த கரை இது. அன்று சமர்த்தாக இருந்தது கடல். ரொம்ப நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பேச வேண்டும் என்று தோன்றவும் இல்லை. நான் பயந்தது வீண்.

ஆறு மணிவாக்கில் தண்ணீருக்கு மேலே செம்மண் நிறத்தில் நிலா எட்டிப் பார்த்தது. மனைவி பழக்க தோஷத்தில் ஃப்ளாஸ்க்கை எடுத்தாள். நான் வாங்கிக்கொண்டேன்.

மூடியில் காபியை ஊற்றி நீட்டினேன். அவள் திரும்பிப் பார்க்காமலே கை நீட்டி வாங்கினாள். கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.