சாலையே ஓவியக் கூடம்

ஜனவரி மாதத்தின் முதல் ஞாயிறன்று பெங்களூருவின் குமார கிருபா சாலையில் வழக்கமாக வண்டிகள் ஓடுவதில்லை. நடைபாதை நெடுக ஓவியங்கள். பக்கத்திலேயே அவற்றை வரைந்தவர்கள். கர்நாடக சித்ரகலா பரிஷத் நடத்தும் 'சித்ர சந்தே' இது.

உத்திரமேரூர் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்தால் சனிக்கிழமை இரவே காஞ்சிபுரம் வந்து பேருந்து ஏறிவிடலாம். சீக்கிரம் போய்ச் சேர்வது நல்லது. மதியத்துக்குள் கூட்டம் நெருக்கித் தள்ளும்.

தஞ்சாவூர் ஓவியம், மைசூர் ஓவியம், நவீன ஓவியம் எல்லாம் ஒரே தெருவில். நூறு ரூபாய்க்கும் படம் உண்டு, லட்சத்துக்கும் உண்டு. இடைத்தரகர் இல்லாததால் வாங்குபவர் ஓவியரிடமே பேசலாம். "இந்த நீலம் எப்படி வந்தது?" என்று கேட்டால் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு சொல்வார்கள். அந்தப் பேச்சுக்காகவே போகலாம்.

ஓவியர் தன் படைப்பை நம்பிப் பிழைக்க முடியுமா என்ற கேள்வி தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966இல் சோழமண்டல ஓவியர் கிராமம் உருவானது. பாத்திக் துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்று, அந்தக் காசில் ஓவியர்களே நிலம் வாங்கினார்கள். மகத்தான காரியம் அது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் அதன் கூடங்களை இன்றும் பார்க்கலாம்.

பெங்களூரு தூரம் என்பவர்கள் முதலில் காஞ்சி கைலாசநாதர் கோயிலுக்குப் போங்கள். பல்லவர் கால ஓவியத்தின் மிச்சங்கள் அங்கே சுவரில் இருக்கின்றன. தொடாமல் பாருங்கள், பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள்.