மலிவு அச்சுப்பொறியின் மறைவிலை

அச்சுப்பொறியைக் குறைந்த விலைக்கு விற்றுவிட்டு, கார்ட்ரிட்ஜ் எனப்படும் மைப்பெட்டியில் இலாபத்தை ஈட்டுவதே இத்தொழிலின் நெடுநாளைய வழக்கம். வேற்று நிறுவனப் பெட்டியை ஏற்க மறுக்கும் சில்லு அதற்குக் காவலாக நிற்கிறது. அச்சிடாத நாள்களிலும், மை தெளிக்கும் நுண்துளைகள் அடைபடாதிருக்கப் பொறி தானே செய்துகொள்ளும் துப்புரவில் மை வீணாவது பலர் அறியாத இழப்பு.

தீவுகளில் இந்தச் சுமை இன்னும் கூடும். 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட, அந்தமான் தீவுகளின் போர்ட் பிளேர், சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர் கடலுக்கு அப்பால் இருப்பதால், மாற்றுப்பெட்டி கப்பலிலோ விமானத்திலோ வந்தாக வேண்டும். மின்னணுக் கழிவாகிவிடும் காலிப்பெட்டியை முறையாக மறுசுழற்சி செய்யவும் அதே கடலைத் தாண்டி அனுப்பியாக வேண்டும். பெட்டிக்குப் பதிலாகத் தொட்டியில் மையை ஊற்றிக்கொள்ளும், 2010இல் எப்சன் நிறுவனம் இந்தோனேசியாவில் அறிமுகப்படுத்திய மைத்தொட்டி வகை அச்சுப்பொறி, வாங்கும்போது விலை கூடினாலும், நிறைய அச்சிடுவோருக்கு மலிவானதே. பெட்டியின் விலையை அது அச்சிடும் பக்கங்களால் வகுத்துப் பார்த்த பின்னரே தீவு மக்கள் பொறியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.