தாழப் பறப்பவர்கள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் தூத்துக்குடி மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வெள்ளம் சூழ்ந்த ஊர்களுக்கு உணவுப் பொட்டலங்கள் வானிலிருந்துதான் வந்தன. மொட்டை மாடியில் நின்று கையசைத்தோம். மேலே பறந்தவர்களின் ஆபத்தை எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்?

விமானிக்கு உயரம் என்பது அவகாசம். எஞ்சின் நின்றாலும் ஹெலிகாப்டர் கல்லைப்போல் விழுந்துவிடாது. இறங்கும்போது கீழிருந்து மோதும் காற்றே மேலுள்ள விசிறியைச் சுழற்றும். அந்தச் சுழற்சியைக் கொண்டே மெல்லத் தரையிறக்கலாம். ஆனால், அதற்கு உயரமோ முன்னோக்கிய வேகமோ வேண்டும். வெள்ளத்தைப் பார்வையிடவும் கடற்கரையை ஆய்வு செய்யவும் செல்வோரிடம் பெரும்பாலும் இரண்டுமே இருப்பதில்லை. தாழ்வாக, மெதுவாகப் பறந்தால்தானே கீழே உள்ளது தெரியும்!

மின்கம்பிகளோ மேலிருந்து கண்ணில் படுவதே அரிது. கம்பத்தைக் கண்டுதான் கம்பியை ஊகிக்க வேண்டும். கடலின் மேல் வேறு சங்கடம். காற்றடங்கிய நாளில் மன்னார் வளைகுடா கண்ணாடிபோல் கிடக்கும். நீர்ப்பரப்பு 50 அடி கீழே உள்ளதா, 10 அடியா என்று கண்ணால் கணிக்க இயலாது. விழுந்துவிட்டாலோ, எஞ்சினின் பாரம் மேலே இருப்பதால் பெரும்பாலும் தலைகீழாகக் கவிழ்ந்துவிடும். அக்காலத்தில் முத்துக்குளித்தவருக்காவது படகில் கயிறு பிடிக்க ஒருவர் இருந்தார்.

2024 செப்டம்பர் 2 இரவு, குஜராத்தின் போர்பந்தருக்கு அப்பால், காயமுற்ற கப்பல் ஊழியரை மீட்கச் சென்ற கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர் கடலில் விழுந்தது. இருந்த 4 பேரில் ஒருவரே உயிர் தப்பினார்.

நம் மாநிலத்துக் குன்னூர்த் துயரத்தையும் நினைவுகூருங்கள். 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டன் சென்ற ஹெலிகாப்டரில், முப்படைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேர் இருந்தனர், எவரும் பிழைக்கவில்லை. பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறி, மேகத்துள் புகுந்த விமானிக்குத் திசையுணர்வு தடுமாறியதே காரணம் என்றது விமானப்படையின் விசாரணை. எந்திரம் பழுதடையவில்லை. நஞ்சப்பசத்திரத்து எளிய மக்களே முதலில் நீரும் போர்வையும் எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

இனியொரு மழையில் தங்கள் மாடிக்கு மேல் ஹெலிகாப்டர் வந்தால், கையசைக்கும் முன் ஒன்று செய்யுங்கள். தார்ப்பாய், தகரம், கொடியில் காயும் துணி அனைத்தையும் அகற்றிவிடுங்கள். விசிறிக்காற்றில் மேலெழும் ஒரு சேலை போதும், அதை வீழ்த்த.