மான் மெலிவு நோய்ச் சோதனைச் சாவடிகள்

மான் மெலிவு நோய்ச் சோதனைச் சாவடிகள் என்பவை, வேட்டையாடப்பட்ட மான்களில் நாட்பட்ட மெலிவு நோய் உள்ளதா எனக் கண்டறிய, ஐக்கிய அமெரிக்காவின் பல மாநிலங்களில் வேட்டைப் பருவத்தின்போது சாலையோரங்களில் அமைக்கப்படும் நிலையங்கள் ஆகும்.

இந்நோய் 1967-இல் கொலராடோவில், அடைத்து வளர்க்கப்பட்ட மான்களிடம் முதன்முதலில் அறியப்பட்டது. 1981-இல் அங்குள்ள காட்டு விலங்கிலும் கண்டறியப்பட்டது. பிரியான் எனப்படும் உருத்திரிந்த புரதம் மூளையைச் சிதைப்பதால் விலங்கு மெலிந்து இறக்கிறது. இதற்குத் தடுப்பூசியோ மருந்தோ இல்லை.

நோய் தொற்றிய மான் பல மாதங்கள் நலமுள்ளதுபோலவே தோன்றும். எனவே சாவடிப் பணியாளர்கள் அதன் தொண்டைப் பகுதியிலுள்ள நிணநீர்க் கணுக்களை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புகின்றனர். வேட்டையாடிய இடமும் பதிவாவதால், நோய் பரவியுள்ள பகுதிகள் தெரியவருகின்றன.

பிரியான் மண்ணில் பல ஆண்டுகள் நிலைத்திருக்கும். மான் நடந்து சேர முடியாத தொலைவுக்கும் வண்டியில் ஏற்றிய அதன் உடல் ஒரே நாளில் சென்றுவிடும். அங்கே வீசப்படும் கழிவு, நோயில்லாத காட்டுக்கும் அதைக் கொண்டுசேர்க்கலாம். இதனால் மூளை, தண்டுவடம் ஆகியவற்றை வெளியே கொண்டுசெல்வதைப் பல மாநிலங்கள் கட்டுப்படுத்தியுள்ளன.

மனிதருக்கு இந்நோய் தொற்றியதாக உறுதியான சான்று இல்லை. ஆயினும், நோய் உறுதியான மானின் இறைச்சியை உண்ண வேண்டாம் என அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையங்கள் அறிவுறுத்துகின்றன.