மூளையின் நாளப் பின்னலும் ரண வைத்தியமும்

இருதயத்திலிருந்து வேகத்தோடு புறப்படும் இரத்தம், தமனிகள் வழியே மூளையை அடைந்து, மயிரிழையினும் மெல்லிய தந்துகிகளிற் பரவி, வேகம் தணிந்த பிறகே சிரைகளில் இறங்குவது இயற்கை வகுத்த முறை. சிலருக்கு மூளையில் ஓரிடத்தில் தந்துகிகள் அமையாமல், தமனியும் சிரையும் நேராகக் கூடிச் சுருண்டு ஒரு பின்னலாகிவிடுகின்றன. தமனியின் அழுத்தத்தைத் தாங்குவதற்கென்று ஏற்படாத சிரையின் சுவர் பல ஆண்டுகள் அதைச் சுமந்து, ஒருநாள் வெடித்துவிடலாம். இந்த அபாயம் ஆண்டுக்கு நூற்றுக்கு 2 முதல் 4 வரை என்று கணக்கிடுவர். அறுபது வயதினருக்குச் சிறியதாகத் தோன்றும் இக்கணக்கு, இருபது வயது வாலிபனுக்கு ஆயுள் முழுவதும் தொடரும் பாரமாகும்.

1928-இல் அமெரிக்க ரண வைத்திய மேதை ஹார்வி குஷிங்கும் அவருடைய சகா பெய்லியும் இப்பின்னலில் கைவைப்பது வீண் என்றே கருதினார்கள். ஆயினும் 1932-இல் ஸ்டாக்ஹோமில் ஒலிவெக்ரோனா ஒரு பின்னலை முழுவதுமாக அகற்றிக் காட்டினார். பின்னர் சூரிச் நகரில் யாசர்கில், நுண்ணோக்கியின் துணையால் இந்தச் சிகிச்சையை ஒரு நுட்பமான கலையாகவே வளர்த்தார்.

கபால எலும்பில் ஒரு பகுதியை எடுத்து, மூளையின் உறையை விரித்தவுடன் வைத்தியர் காண்பது, நீலமாக இருக்கவேண்டிய சிரை தமனியின் இரத்தத்தால் சிவந்து புடைத்து நிற்பதையே. அதை முதலில் அடைத்துவிட்டால், வடிமதகை மூடிவிட்டு வரத்து வாய்க்காலைத் திறந்துவைத்த ஏரியின் கதியே பின்னலுக்கும் நேரும். ஆகவே ஊட்டும் தமனிகளை ஒவ்வொன்றாக அடைத்து, பின்னலைச் சுற்றிலும் மூளையிலிருந்து பிரித்து, சிவந்த சிரை மெல்ல நீலமாகக் கறுத்த பின்னரே, கடைசியாக அதைத் துண்டிக்கிறார்கள். அந்த நிறமாற்றத்துக்காகப் பொறுத்திருப்பதில்தான் நோயாளியின் உயிர் இருக்கிறது.

எல்லாப் பின்னலுக்கும் கத்தி பொருந்தாது. பின்னலின் பரிமாணம், பேச்சு, பார்வை, அசைவு முதலியவற்றை ஆளும் பகுதியில் அது இருக்கிறதா என்பது, இரத்தம் ஆழ்ந்த சிரைகளில் வடிகிறதா என்பது ஆகிய மூன்றையும் கொண்டு ஸ்பெட்ஸ்லரும் மார்ட்டினும் 1986-இல் ஐந்து படிகளை வகுத்தனர். மேலோட்டமாக அமைந்த சிறு பின்னலுக்கு ரண சிகிச்சையே சிறந்தது. ஆழத்திலுள்ள சிறு பின்னலுக்குக் காமாக் கதிர் உதவும், ஆனால் அது முற்றும் அடைபட இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும், அதுவரை வெடிக்கும் அபாயமும் நீங்காது. இன்னும் வெடிக்காத பின்னலைத் தொடுவதைவிட மருந்தோடு விட்டுவைப்பதே மேல் என்று 2014-இல் வெளியான ‘அரூபா’ ஆய்வு கூறிற்று. சராசரி மூன்றாண்டுக்கும் குறைந்த அந்தக் கண்காணிப்பைக்கொண்டு ஓர் இளைஞனின் ஐம்பதாண்டு வாழ்வுக்குத் தீர்ப்புச் சொல்லலாகாது என்று ரண வைத்தியர் பலர் எழுப்பிய ஆட்சேபம் நியாயமானதே.