வீட்டுக்கு வந்தும் கடலில் கிடக்கும் ரீல்

உங்கள் வீட்டுச் சமையலறையில் உப்பு டப்பாவைத் திறந்து பாருங்கள். நீங்கள் பினாங்குவாசியாக இருந்தால் உப்பு கட்டி தட்டியிருக்கும். மழை நாள்களில் டப்பாவின் அடியில் ஈரம் கசிந்திருக்கும். இதற்காகத்தான் பலர் உப்புக்குள் நாலு அரிசி போட்டு வைக்கிறார்கள். அந்த ஈரத்தை யாரும் ஊற்றவில்லை. காற்றிலிருந்து உப்பே இழுத்துக்கொண்டது. பாடாங் கோத்தா லாமா கற்சுவரிலோ பத்து மாவுங் கரையிலோ இரவு முழுக்கத் தூண்டில் போட்டுவிட்டு, ரீலை அப்படியே ஸ்டோர் அறையில் சாத்தி வைக்கும் நண்பர்கள் கவனிக்க வேண்டியது இந்த டப்பாவைத்தான்.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கும். ஆற்றுநீரும் மழைநீரும் கலப்பதால் நம் கரையோரத்தில் இது கொஞ்சம் குறையலாம். ரீலில் பட்ட நீர் ஆவியாகிவிடும், உப்பு போகாது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாதாரண உப்பு ஈரத்தை உறிஞ்சித் தானே கரையத் தொடங்கும். நம் ஊர் இரவுகளில் அந்த அளவு வெகு சாதாரணம். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் உண்டு. அதற்கு சுமார் 33 விழுக்காடே போதும். ஆகவே, காய்ந்துவிட்டது என்று நீங்கள் நினைக்கும் ரீலுக்குள் கடல்நீரைவிட அடர்த்தியான உப்புக்கரைசல் மெல்லிய படலமாக இருந்துகொண்டே இருக்கிறது. ரீல் கடலில் நனைவது சில மணி நேரம்; இந்தப் படலத்தில் ஊறுவதோ வாரக்கணக்கில்.

அந்தப் படலம் என்ன செய்யும்? ஸ்பூல் பெரும்பாலும் அலுமினியம், திருகாணிகள் துருப்பிடிக்காத எஃகு, உள்ளே சிறிய பல்சக்கரம் பல ரீல்களில் பித்தளை. வெவ்வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு நடுவே உப்புக்கரைசலும் இருந்தால் அது ஒரு மின்கலம். ஐந்தாம் படிவ வேதியியல் மாணவரைக் கேளுங்கள், எது முதலில் கரையும் என்று சொல்லிவிடுவார்: அலுமினியம். போதாக்குறைக்கு, அலுமினியத்தைக் காக்கும் ஆக்சைடு படலத்தையும் குளோரைடு அயனிகள் துளைத்துவிடும். திருகாணியைச் சுற்றிச் சாம்பல் கலந்த வெள்ளைப் பொடி தெரிந்தால் ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். கரைந்து போனால் உப்பு. சொரசொரப்பாக நின்றால், அது உங்கள் ரீலின் அலுமினியம்.

கப்பல்காரர்களுக்கு இது பழைய கதை. 1824இல் ஹம்ப்ரி டேவி, கப்பலின் அடியில் போர்த்திய செப்புத் தகட்டைக் காக்க இரும்பு, துத்தநாகத் துண்டுகளைப் பொருத்திக் காட்டினார். இன்றும் படகுகளின் அடியில் துத்தநாகக் கட்டி மாட்டுகிறார்கள். படகுக்குப் பதில் அது கரைந்து போகும். ரீலில் அப்படி மாட்ட இடம் கிடையாது. பாடாங் கோத்தா லாமாவில் தூண்டில் போடும்போது பக்கத்துக் கார்ன்வாலிஸ் கோட்டைக்குள்ளும் ஒரு நடை போய் வாருங்கள். அங்குள்ள ஸ்ரீ ரம்பாய், 1603 என்று பொறித்த டச்சு வெண்கலப் பீரங்கி. இத்தனை காலம் தாக்குப்பிடித்திருக்கிறது. அது ஏறக்குறைய ஒரே உலோகக் கலவை, மேலே பச்சைப் படலம் வேறு. நம் ரீலுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

கழுவுவதுதான் ஒரே வழி. அதிலும் கார் கழுவும் வேகத்தில் நீரைப் பீய்ச்சக் கூடாது. வேகமான நீர் வெளியே இருக்கும் உப்பை உள்ளே தள்ளிவிடும். வீடு வந்த அன்றே டிராக் குமிழை இறுக்கி மூடிவிட்டு, குழாய் நீரை மெதுவாக மேலிருந்து வழிய விடுங்கள். துடைத்து, நிழலில் காற்றாட வைத்து, பிறகு டிராக்கை முழுதும் தளர்த்துங்கள். இறுக்கியே வைத்தால் உள்ளிருக்கும் வளையங்கள் நசுங்கி, அடுத்த முறை நூல் விட்டு விட்டு ஓடும்.

நூல் உருளும் சிறு உருளைக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். அதிகம் நனைவதும் அதிகம் சுழல்வதும் அதுதான், ஆனால் அதை நினைப்பவர் குறைவு. பல்சக்கரங்களுக்கு நீர் புகாத கிரீஸ். பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் கிளட்சில் மட்டும் கிரீஸ் பூசாதீர்கள். உருளைகள் வழுக்கி, கைப்பிடி பின்பக்கம் சுற்றும். துருவை இளக்கும் ஸ்ப்ரே அடித்தால் போதும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது நல்ல கிரீஸையும் சேர்த்துக் கரைத்துவிடும்.

உப்பு ஒளியும் இன்னோர் இடம் நூல். பின்னல் நூலின் இழைகளுக்கிடையே கடல்நீர் தங்கும். ஸ்பூலைச் சுற்றி ஈரத்துணி கட்டியது போல. மேலே ஓடும் குழாய்நீர் அடி அடுக்குகளை எட்டாது. அவ்வப்போது நூலை ஒரு வாளி நல்ல நீருக்குள் உருவி, மறுபடி சுற்றுங்கள்.

புதுத் தங்கூசி சுற்றும்போது வருவது வேறு தலைவலி: முறுக்கு. ஸ்பூல் சுழலாத இந்த வகை ரீலுக்கு 1905இல் காப்புரிமை பெற்ற ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த், இங்கிலாந்தில் நெசவாலை முதலாளி. ஆலைக் கதிரின் நுனிவழி நூல் உருவப்படுவதைப் பார்த்துத்தான் யோசனை வந்தது என்பார்கள். நுனிவழி உருவினால் ஒரு சுற்றுக்கு ஒரு முறுக்கு ஏறும். ஒரு ரிப்பனைப் பென்சிலில் சுற்றி நுனிவழி இழுத்தால் கண்ணாலேயே காணலாம். கடைச்சுருளைத் தரையில் படுக்க வைத்தால், சுருளிலிருந்து வரும் முறுக்கும் ரீல் ஏற்றும் முறுக்கும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளலாம், கூட்டிக்கொள்ளவும் செய்யலாம். இருபது சுற்று சுற்றியதும் நிறுத்தி நூலைத் தளர்த்துங்கள். சுருண்டு துள்ளினால் சுருளைப் புரட்டிப் போடுங்கள். ஈரத்துணியால் நூலைப் பிடித்து இறுக்கமாகச் சுற்றுங்கள். பின்னல் நூல் வழுக்கும் பாலிஎதிலீன் என்பதால், அடியில் கொஞ்சம் தங்கூசி போட்டால்தான் ஸ்பூலைப் பற்றும்.

விளிம்புக்கு 2 அல்லது 3 மில்லிமீட்டர் கீழே நிறுத்துங்கள். குறைவாகச் சுற்றினால் வீச்சு குறையும், அதைவிட முக்கியமாக விசை மாறும். டிராக் தருவது ஒரு திருப்புவிசை. நூலில் விழும் இழுவை, அதை ஆரத்தால் வகுத்தது. நிறைந்த ஸ்பூலின் ஆரம் 24 மில்லிமீட்டர், டிராக் 3 கிலோ என்று வைப்போம். மீன் ஓடி ஆரம் 16 ஆனால், நீங்கள் குமிழைத் தொடாமலேயே இழுவை 4.5 கிலோ. நனைந்த நைலான் பலம் குறையும், முடிச்சு அதைவிடக் குறையும். அதனால்தான் பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் விற்தராசைக் கொக்கியில் மாட்டி, நூலின் தாங்குதிறனில் கால் முதல் மூன்றில் ஒரு பங்கு அளவில் டிராக்கை வைக்கச் சொல்கிறார்கள். கொடுவா தூரம் ஓடும்போது குமிழைச் சற்றே தளர்த்த வேண்டும். நம்மில் பலர் அந்த நேரம் பார்த்துத்தான் இறுக்குகிறோம்.