அகுல்யாஸ் நீரோட்டப் பேரலைகள்

அகுல்யாஸ் நீரோட்டம் என்பது ஆப்பிரிக்காவின் தென்கிழக்குக் கரையையொட்டித் தென்மேற்காகப் பாயும் கடல் நீரோட்டமாகும். இதன் வேகம் நொடிக்கு 2 மீட்டர் அளவை எட்டும். தென்மேற்கிலிருந்து வீசும் புயற்காற்று எழுப்பும் அலைகள் இதனை எதிர்த்து வருகின்றன. எதிரோட்டம் அலைகளின் முன்னேற்றத்தைத் தடுப்பதனால் அலைநீளம் குறைந்து, முகடுகள் நெருங்கி, உயரம் கூடுகிறது. சரிவு செங்குத்தாகி, முன்னே ஆழமான பள்ளம் தோன்றும். காற்றும் நீரோட்டமும் ஒரே திசையில் சென்றால் அலைகள் நீண்டு தாழும்.

தெற்கே செல்லும் கப்பல்கள் எரிபொருளை மிச்சப்படுத்த இந்நீரோட்டத்தை நாடுகின்றன. ஆபத்தும் அங்கேயே உள்ளது. புயற்காலத்தில், நீரோட்டம் வலுக்குறைந்த, 200 மீட்டருக்குக் குறைவான ஆழமுள்ள கரைப்பக்கத்திற்கு விலகுமாறு மாலுமிகளுக்கு அறிவுறுத்தப்படுகிறது. 1909 ஆம் ஆண்டு டர்பனிலிருந்து கேப் டவுனுக்குப் புறப்பட்ட வரட்டா என்னும் கப்பல் 211 பேருடன் காணாமற்போனது. பேரலையே காரணம் என்பது ஊகம் மட்டுமே, சிதைவு கண்டெடுக்கப்படவில்லை.